வறண்ட நிலத்திற் சாடித் தோட்டம்

திருவள்ளுவ நாயனார் கடவுள் வாழ்த்தை முதலதிகாரமாக அமைத்து, அதனை அடுத்து வான்சிறப்பை வைத்தனர். மழையைப் பேசிய பின்னரே அந்நூல் பிறவற்றைப் பேசத் தொடங்குகின்றது. இவ்வைப்பு முறை தோட்டஞ் செய்வார்க்கும் ஒரு பாடமாகும். கடையிற் கண்ட விதைகளை வாங்கி முளைக்கவிட்டு, அகப்பட்ட சாடியில் நட்டு, சித்திரை வெயில் தொடங்கியபின் நீருக்கு வழி தேடுதல் பலரது வழக்கமாயிருக்கின்றது. அவ்வாறு தொடங்கிய தோட்டம் வைகாசியில் வாடிக் கிடப்பதைக் கண்டு, "நமது மண்ணுக்கு இது சரிவராது" என்று கைவிடுகின்றனர். குறை மண்ணினுடையதன்று, ஒழுங்கினுடையது. வன்மையான காலநிலையிற் சாடித் தோட்டம் செய்ய விரும்புவோர் அவ்விடத்தில் எப்பொருள் அரிதோ அதனை முதலில் அளந்து, அவ்வளவுக்கு அடங்கச் சாடிகளை எண்ணி, பயிரை இறுதியிலேயே தெரிந்துகொள்ளல் வேண்டும். இம்முறையை யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பொருத்திக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

சாடித் தோட்டத்தின் தேவை

தோட்டஞ் செய்கையிற் பெயர்பெற்ற வலிகாமத்துச் செம்மண்ணையுடைய நாட்டிற் சாடி எதற்கு என்று சிலர் வினாவலாம். நிலமுள்ளோர் நிலத்திலேயே செய்க. ஆயின், பரப்புக் கணக்கிற் காணி வைத்திருந்த குடும்பங்கள் பல இன்று சிறு வளவுகளில் வாழ்கின்றன. வலிகாமம் வடக்கில் 1990 ஆம் ஆண்டு தொடங்கி இடம்பெயர்ந்தோருள் நெடுங்காலம் ஊர் திரும்ப இயலாது பிறர் காணியிற் குடியிருந்தோர் பலர். முற்றம் முழுவதையும் சீமெந்திட்டு மூடிய வீடுகளும் பெருகிவிட்டன. பிள்ளைகள் கடல் கடந்து சென்றுவிட, முதியோர் இருவரே தனித்திருக்கும் இல்லங்களில் மண்வெட்டி பிடித்துப் பாத்தி கட்டுவார் இல்லை. இத்தகையோருக்குக் குனியாமலே கைக்கெட்டும் உயரத்தில் வைக்கத்தக்க சாடி பெருந்துணையாகும்.

வேறொரு காரணமும் உண்டு. போர்க்காலத்தில் எரிபொருளும் பசளையும் குடாநாட்டுக்கு வருவது அரிதாயிற்று. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் நாடு முழுவதிலும் இரசாயனப் பசளையின் இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, வீட்டிற் பயிர் செய்யுமாறு அரசாங்க ஊழியர்க்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்கவும் தீர்மானிக்கப்பட்டது. சந்தையில் மரக்கறி வாங்கக் கையிற் பணம் போதாத நாள் எக்குடும்பத்துக்கும் வரக்கூடும் என்பதை அவ்வாண்டு நமக்கு உணர்த்திற்று. பத்துச் சாடிகள் ஒரு குடும்பத்தின் பசியைத் தீர்க்கமாட்டா. எனினும் கீரையும் மிளகாயும் கறிவேப்பிலையும் வீட்டிலேயே கிடைக்குமாயின், வெறுஞ்சோறு உண்ண வேண்டிய நிலை நேராது.

காலநிலையின் இயல்பு

யாழ்ப்பாணத்தில் மழை குறைவு என்று பொதுவாகக் கூறுவர். ஆண்டொன்றுக்கு இங்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர், அதாவது 50 அங்குலம் மழை பெய்கின்றது. இலண்டன் மாநகரிற் பெய்யும் மழையைப் போல இஃது ஏறக்குறைய இருமடங்கு. இம்மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரையுள்ள வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திற் குவிந்து பெய்துவிடுவதே நமக்குள்ள இடர். எஞ்சிய மாதங்களில் வானத்தை நம்புதல் இயலாது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. சுண்ணக்கல்லினூடே கீழிறங்கிய மழைநீரே கிணறுகளில் ஊறுகின்றது. அந்நன்னீர் கடலிலிருந்து கசிந்து வரும் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. மிகுதியாக இறைத்தால் உவர் மேலெழும். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனித உடலின் களைப்பே இறைப்புக்கு எல்லை வகுத்தது. இயந்திரம் வந்தபின் அவ்வெல்லை நீங்கிற்று. ஆகவே இன்று நீரைக் கணக்கிட்டுச் செலவிடும் பொறுப்பு நம்முடையதாயிற்று.

நீர்க் கணக்கு

நிலத்தில் நின்ற செடி வேரை ஆழச் செலுத்தி ஈரத்தைத் தேடிக்கொள்ளும். சாடியில் நின்ற செடிக்கு அவ்வழி இல்லை. நாம் ஊற்றும் நீரே அதற்குக் கதி. 12 அங்குல விட்டமும் அதேயளவு உயரமும் உள்ள சாடியில் நன்கு வளர்ந்த கத்தரி அல்லது தக்காளிச் செடி, கடுங்கோடையில் நாளொன்றுக்கு 2 லீற்றர் வரை நீர் கொள்ளும். சிறு சாடியிலுள்ள மூலிகைக்கு அரை லீற்றர் அளவு போதும். இவ்விரண்டையும் அளவுகோலாகக் கொள்க.

வீட்டில் மிகக் கடினமான மாதத்தில் நாள்தோறும் தோட்டத்துக்கு ஒதுக்கக்கூடிய நீர் எவ்வளவு என்பதை முதலில் வாளியால் அளந்து பார்க்க. அரிசி கழுவிய நீர், மரக்கறி கழுவிய நீர் என்பவற்றையும் சேர்க்கலாம். சவர்க்காரங் கலந்த நீரைச் சேர்த்தல் ஆகாது. 15 லீற்றர் கிடைக்குமாயின், 6 பெரிய சாடிகளும் 6 சிறிய சாடிகளும் வைக்கலாம். 28 லீற்றர் கிடைக்குமாயின், 12 பெரியனவும் 8 சிறியனவும் வைக்கலாம். மாரியில் இதனினும் கூட வைத்தல் எளிது. ஆயின் அவற்றைக் கோடை வருமுன் அறுவடை செய்து முடித்துவிடல் வேண்டும்.

மழைநீரைச் சேர்த்தலும் இக்கணக்கின் பாற்பட்டது. ஒரு சதுர மீற்றர்க் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர் ஆகும். 50 சதுர மீற்றர் ஓட்டுக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்யின், சிந்தியது போக ஏறக்குறைய 1,000 லீற்றர் பீலி வழியாகத் தொட்டிக்கு வரும். நாற்றுக்களுக்கு இதனினும் சிறந்த நீர் வேறில்லை. தொட்டியின் வாயை நுண்ணிய வலையால் மூடுதல் வேண்டும். மூடாத தொட்டியும் சாடியின் கீழுள்ள தட்டிற் தேங்கிய நீரும் டெங்கு நுளம்பு பெருகும் இடங்களாகும். சாடித் தட்டுக்களை மாரியில் அகற்றிவிடுதலே நன்று.

நீரைச் சிக்கனப்படுத்தப் பழைய முறையொன்று உண்டு. மெருகிடாத சிறு மண்முட்டியைப் பெரிய சாடியின் நடுவே கழுத்தளவு புதைத்து, அதில் நீர் நிரப்பி மூடிவிட்டால், ஈரம் சிறிது சிறிதாகக் கசிந்து வேரை அடையும். கி.மு. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த சீன வேளாண்மை நூலொன்று இம்முறையைக் கூறுகின்றது. மேற்பரப்பு நனையாமையால் ஆவியாகி வீணாகும் நீர் குறையும். இவ்வாறே உலர்ந்த வைக்கோல், பன்னாடை, பூவரசஞ் சருகு என்பவற்றுள் ஒன்றை இரண்டங்குலக் கனத்திற்கு மேலே பரப்புதலும் பயன்தரும்.

உவர் என்னும் மறைந்த பகை

நீரின் அளவை மட்டும் எண்ணினாற் போதாது. அதன் தன்மையையும் எண்ணல் வேண்டும். ஒரு லீற்றரில் ஒரு கிராம் உப்புள்ள கிணற்றுநீரை எடுத்துக்கொள்வோம். கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புள்ளது. அதனோடு ஒப்பிட இது மிகச் சிறிதே. இந்நீரை நாளொன்றுக்கு 2 லீற்றர் வீதம் 100 நாள் ஊற்றினால், அச்சாடிக்குள் 200 கிராம் உப்புச் செல்கின்றது. நீர் ஆவியாகும், உப்போ தங்கிவிடும். சாடியின் விளிம்பில் வெள்ளை படிதலும், இலையின் ஓரம் கருகுதலும் இதன் அறிகுறிகள். நீர் போதாமையால் வாடிற்று என்று எண்ணி அதே நீரை மேலும் சிறிது சிறிதாக ஊற்றுவது நோயை வளர்ப்பதாகும்.

இதற்கு மாற்று மூன்று. உவர்க் கிணறுடையோர் ஒவ்வொரு முறையும் சாடியின் அடித்துளையிற் சிறிது வழியும்வரை நீர் விடுக. அதனால் உப்பிற் சிறுபகுதி வெளியேறும். ஐப்பசி மழை தொடங்கியதும் சாடிகளைக் கூரையின் கீழிருந்து எடுத்துத் திறந்த வெளியில் வைக்க. சில நாள் மழை ஓராண்டின் உப்பைக் கழுவிவிடும். பயிரையும் நீருக்கேற்பத் தெரிக. போஞ்சி, கரட், வெங்காயம் என்பன உவரைச் சகியா. பீற்றூட் நன்கு சகிக்கும். முளைக்கீரையும் ஓரளவு சகிக்கும். வளர்ந்த செடியினும் நாற்று உவருக்கு எளிதில் தோற்கும் என்பதையும் நினைவிற் கொள்க.

வெயிலும் காற்றும்

யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9 பாகை 40 கலையளவில் உள்ளது. ஆதலின் சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணி நடுவிலும் நண்பகற் சூரியன் நமது தலைக்கு நேரே நிற்கின்றான். இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட கோடையில் அவன் உச்சிக்கு வடக்கேயும், மற்றைய மாதங்களில் தெற்கேயும் நிற்பான். 10 அடி உயரமான சுவரொன்று மார்கழி நண்பகலில் வடக்கே ஏறக்குறைய 6½ அடிக்கு நிழல் வீழ்த்தும். அதே சுவர் ஆனி நண்பகலில் தெற்கே 2½ அடிக்கே நிழல் தரும். எனவே மாரிப்பயிரை வீட்டின் தெற்குப் புறத்திலும், கோடையிற் காக்கவேண்டிய மென்மையான மூலிகைகளைக் கிழக்குப் புறத்திலும் வைத்தல் முறை. கிழக்குப் புறத்தில் இளவெயில் கிடைக்கும். பிற்பகற் கொடுவெயில் படாது. நிலத்திற் செய்யமுடியாத இடமாற்றத்தைச் சாடியிற் செய்யலாம் என்பதே அதன் தனிச் சிறப்பு.

வைகாசி முதல் ஆவணி வரை வீசும் சோழகக் காற்று வெயிலினும் விரைவாக இலையின் ஈரத்தை உறிஞ்சும். சாடிகளைத் தனித்தனியே பரப்பி வையாது நெருக்கி வைத்தால் ஒன்றுக்கொன்று காப்பாகும். தென்மேற்கே கிடுகையேனும் பனையோலையையேனும் மறைப்பாகக் கட்டுக. முழுமையாக அடைத்த சுவரினும் காற்றைச் சிறிது புகவிடும் ஓலைவேலியே சிறந்தது; சுவரிற் காற்று மோதிச் சுழன்று செடியை முறிக்கும். சீமெந்து முற்றத்திற் சாடியை நேரே வைத்தல் ஆகாது. பகலில் ஏறிய சூட்டை அத்தரை இரவிலும் விடாது வைத்திருக்கும். இரண்டு செங்கற்களின்மேல் வைத்தால் வேர் வேகாது, நீரும் வடியும்.

சாடியும் மண்ணும்

6 அங்குலச் சாடி ஏறக்குறைய 2¾ லீற்றர் மண் கொள்ளும். 12 அங்குலச் சாடி 22 லீற்றர் கொள்ளும். அளவு இருமடங்கானபோது கொள்ளளவு எட்டு மடங்காகின்றது. வெயில்படும் மேற்பரப்போ நான்கு மடங்கே ஆகின்றது. ஆகவே குளிர்ந்த நாடுகளிற் பொருந்தும் சிறு சாடிகள் இங்கு விரைவில் உலர்ந்துவிடும். பல சிறு சாடிகளினும் சில பெரிய சாடிகளே நமக்கு உகந்தன.

மண்சாடி வேரைக் குளிரவைக்கும். ஆயின் அதன் பக்கங்களாலும் நீர் கசியும். கறுத்த பிளாஸ்ரிக் வாளி நீரைக் காக்கும். ஆயின் வெயிலிற் கொதிக்கும். அதன் வெளிப்புறத்துக்கு வெள்ளை பூசினாலேனும் சாக்கு சுற்றினாலேனும் சூடு தணியும். புதிய சீமெந்துச் சாடியைப் பல நாள் நீர் மாற்றி ஊறவைத்தபின் பயன்படுத்துக. உரப்பைகளும் உதவும், அவை வெயிலில் இற்றுப்போவன ஆதலால் ஆண்டுதோறும் மாற்றவேண்டும்.

மண்கலவைக்குச் செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய கூட்டெரு அல்லது மாட்டெரு ஒரு பங்கு எனக் கொள்ளலாம். சிறிது தும்புச்சோறு சேர்த்தால் ஈரம் நிற்கும். கடற்கரை மணலிலும், கடலேரியில் ஊறிய மட்டையின் தும்புச்சோற்றிலும் உப்பிருக்கும். அவற்றை நன்னீரிற் பலமுறை அலசுதல் வேண்டும். பூவரசங்குழையை நிலத்தில் தாழ்த்தி மண்ணை வளமாக்கிய நம் முன்னோர் வழக்கத்தைச் சாடியிலும் கைக்கொள்ளலாம். குழையை வெட்டி அடியில் ஒரு சாண் அளவு இட்டு, மேலே மண் நிரப்பி, ஒரு மாதம் நனைத்து வைத்தபின் நடுக. நீரூற்றுந்தோறும் சத்துக் கரைந்து போவதால், இரு வாரத்துக்கொருமுறை ஒரு கைப்பிடி கூட்டெரு இடுதல் வேண்டும். பச்சையாக உண்ணும் வல்லாரை போன்றவற்றின் இலைமேற் சாணக் கரைசல் படுதல் ஆகாது.

குடாநாட்டுக் கிணற்றுநீர் சுண்ணாம்புச் சத்து மிக்கது. அதனாற் செடிக்கு இரும்புச்சத்து எட்டாது, இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதுண்டு. கறிவேப்பிலையில் இதனைக் காணலாம். கூட்டெருவும் மழைநீரும் இதற்கு நல்ல மருந்து.

பயிர்த் தெரிவும் காலமும்

இத்துணையும் அறிந்த பின்னரே பயிரைத் தெரிதல் வேண்டும். 28 லீற்றர் நீருள்ள வீட்டிற்கு ஒரு மாதிரி கூறுவோம். பெரிய சாடிகள் பன்னிரண்டில் மிளகாய் 3, கத்தரி 2, தக்காளி 2, வெண்டி 2, பயற்றை 1, பசளி 1, கறிவேப்பிலை 1. சிறியன எட்டில் முளைக்கீரை 2, பொன்னாங்காணி, வல்லாரை, புதினா, கற்பூரவள்ளி, தூதுவளை, துளசி என்பன ஒவ்வொன்று.

இவற்றை நீர்த்தேவைப்படி பிரித்து வைக்க. வல்லாரையும் புதினாவும் பொன்னாங்காணியும் ஈரத்தையும் அரைநிழலையும் விரும்புவன; கிணற்றடியிலோ குழாயடியிலோ அகன்ற தட்டில் வளரும். கற்பூரவள்ளியின் தடித்த இலை தானே நீரைச் சேமிக்கும். அதற்கு மிகுந்த நீரே பகை. தூதுவளை முள்ளுள்ள கொடியாதலின் வேலியோரத்தில் ஒரு கொம்பு நட்டு விடுக. மழைக்காலத்தில் இலைக்கஞ்சி காய்ச்சும் வீட்டார்க்கு இதன் அருமை சொல்ல வேண்டுவதில்லை. இஞ்சியையும் மஞ்சளையும் சித்திரை வைகாசியில் உரப்பையில் நட்டு நிழலில் வளர்த்தால், தைப்பொங்கற் பானைக்கு இலையோடு கூடிய கொத்தும், அதன்பின் கிழங்கும் கிடைக்கும். 2020 ஆம் ஆண்டில் மஞ்சளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு விலை ஏறியதை நினைப்போர் இப்பையைச் சிறிதென்று இகழார்.

ஆவணியில் மண்கலவையைத் தயார் செய்க. புரட்டாதியிற் கீரையும் வெண்டியும் விதைக்கலாம். கார்த்திகைப் பெருமழையில் மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுக்களைத் தாழ்வாரத்தில் வைத்துக் காத்து, மார்கழியிற் சாடிக்கு மாற்றுக. இரவு குளிர்ந்திருக்கும் தையிலும் மாசியிலுமே தக்காளி நன்கு காய்பிடிக்கும். வெப்பமான இரவுகளிற் பூ உதிர்ந்துவிடும். கொத்தமல்லியையும் மார்கழி தையிலேயே விதைக்கவேண்டும். கோடையில் இலை பரவுமுன் பூத்துவிடும். பங்குனியிற் தக்காளியைப் பிடுங்கி அதன் நீரைப் பிறவற்றிற்கு ஒதுக்குக. சித்திரைக்குப்பின் பசளி, பயற்றை, வெண்டி, கத்தரி, கறிவேப்பிலை என்பன நிற்கும். ஆனி ஆடியில் புதிதாக எதையும் நடாது, உள்ளவற்றைக் காத்தாற் போதும்.

பூச்சிகளுக்கு வேப்பங்கொட்டையை இடித்து ஓரிரவு ஊறவைத்த நீரை மாலையிற் தெளிக்கலாம். மிளகாயின் இலை சுருண்டு கெட்டுவிடின், அச்செடியைப் பிடுங்கி அழித்தலே பிறவற்றைக் காக்கும் வழி.

குளிர்நாட்டு அன்பர்க்கு

நம் பழைய மாணவர் பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்கின்றனர். அங்கே அரிய பொருள் நீரன்று, வெப்பமே. ரொறன்ரோவில் உறைபனியில்லாக் காலம் ஏறக்குறைய மே நடுவிலிருந்து ஒக்டோபர்த் தொடக்கம் வரையுள்ள ஐந்து மாதமே. ஆகவே அங்கே எண்ணவேண்டுவன வாளிகளல்ல, நாட்கள். மிளகாயையும் கத்தரியையும் மார்ச்சு மாதத்திலே வீட்டுக்குள் முளைக்கவைத்து, மே இறுதியில் வெளியே வைப்பர். இரவில் வெப்பம் 10 பாகை சதமளவுக்கு இறங்குமுன் கறிவேப்பிலைச் சாடியை உள்ளே எடுத்து, தெற்குச் சாளரத்தருகே வைப்பர். அங்குச் சிறிய கறுத்த சாடியும் தீங்கன்று. வேருக்குச் சூடு கொடுத்து உதவுவதே. இடம் மாறியதால் அளக்கும் பொருள் மாறிற்றேயன்றி, அரியதை முன்னர் அளக்கவேண்டும் என்னும் முறை மாறவில்லை.

முடிவுரை

இக்கணக்குகள் அனைத்தும் ஒரு பயிற்சிப் புத்தகத்தின் சில பக்கங்களில் அடங்குவன. நாள்தோறும் ஊற்றிய நீர், நட்ட திகதி, பறித்த அளவு என்னும் மூன்றையும் ஓராண்டு குறித்துவரின், அடுத்த ஆண்டு நூல்களைப் பார்க்கவேண்டிய தேவை குறையும்; ஏனெனில் ஒவ்வொரு கிணறும் ஒவ்வொரு முற்றமும் தன்மையால் வேறுபட்டவை. இப்பணியை இல்லத்திலுள்ள மாணவரிடம் ஒப்படைத்தால், வகுப்பிற் கற்ற கன அளவும் சூரியனின் செலவும் உப்பின் கரைதலும் அவர்தம் கையாலேயே மெய்ப்படும். வரும் ஆவணியில் ஆறு சாடிகளோடு தொடங்குவோர், அதற்குமுன் ஒருநாள் வாளியை எடுத்துத் தம் வீட்டு நீரை அளந்து கொள்வாராக.